காசு, கடல், கச்சான்!

என்கிட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கு. அதோட கடைசிப் பக்கத்துல 22,654-னு எழுதி, சுத்தி மூணு வட்டம் போட்டு வச்சிருக்கேன். ஃப்ரெண்ட்ஸோட கடல் தாண்டி ஒரு காட்டுக்குப் போகணும்னு உங்களுக்கும் ஆசை இருந்தா, பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி இந்த வட்டத்தோட கதையைக் கேட்டுக்குங்க பாஸ்.

எல்லாத்துக்கும் காரணம் அலாஸ்கா!

நிஜமாத்தான். போலகத்துல சாயங்கால டீ நேரம். நாங்க நாலு பேர். நிஜப் பேரைப் போட்டா உதைப்பானுங்க என்பதால் கேமரா, கணக்கு, சோறு என்று வைத்துக்கொள்வோம். நாலாவது நான். கேமரா தன் போன்ல ஒரு விளம்பரத்தைக் காட்டினான். வெள்ளைக் கப்பல், பின்னாடி பனிமலை. ஏழு ராத்திரி கடல், அப்புறம் கரை இறங்கி ரயில், காடு, கரடி. "மச்சி, வாழ்ந்தா இப்படி வாழணும்டா!"

கணக்கு போனைப் பிடுங்கினான். பி.காம். படிச்சவன். பெரிய எழுத்தை விட்டுட்டுப் பொடி எழுத்தைத்தான் முதல்ல படிப்பான். போட்டிருந்த விலை 'ஓர் அறையில் இருவர் தங்கினால், ஆளுக்கு'. தனியாப் போனா கிட்டத்தட்ட ரெண்டு பேர் காசு. கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் நாள் கணக்குல தனி. கப்பல் நிக்கிற ஊர்ல இறங்கிச் சுத்தினா அதுவும் தனி. அமெரிக்க விசா விண்ணப்பம் 2023 ஜூன்ல 185 டாலராச்சு, விசா கிடைக்கலைன்னாலும் அந்தக் காசு திரும்பி வராது. இன்னொரு கூத்தும் இருக்கு. அந்தப் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடி கட்டினவை. 1886-ல போட்ட ஓர் அமெரிக்கச் சட்டத்தால, அமெரிக்காவில் ஏத்தி அமெரிக்காவிலேயே இறக்கணும்னா நடுவுல ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாகணும். அலாஸ்கா வழியில அது கனடா. ஆக, நம்ம பாஸ்போர்ட்டுக்கு இன்னொரு விசா!

காட்டுக்குள்ள போனா இன்னும் மோசம். டெனாலி பூங்காவுல இருக்கிறது ஒரே ரோடு, 92 மைல். கோடையில சொந்தக் கார் முதல் 15 மைலோட சரி. அதுக்கு மேல பூங்கா பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கணும். அந்த ரோட்டையும் மலைச்சரிவு காரணமா 2021 ஆகஸ்ட்ல 43-வது மைல்ல மூடிட்டாங்க.

"மச்சி, கப்பல்ல போறது கூட சீப்புடா. காட்டுக்குள்ள போறதுதான் காஸ்ட்லி. ஏன்னா அங்கே டவுன் பஸ் கிடையாது" என்றான் கணக்கு. ஆளுக்கு 5 லட்சம் தாண்டுச்சு. எங்க நாலு பேர் சம்பளத்தையும் சேர்த்து வச்சு ஒருத்தனை அனுப்பலாம். யார் அந்த ஒருத்தன்ங்கிறதுல அடிதடி வரும்.

அப்போ வடையை மென்னுக்கிட்டே சோறு சொன்னான். "வடக்கு, காடு, கப்பல். மூணும்தானே வேணும்? நாகப்பட்டினத்துல ஏறுடா!"

அட!

எங்க ஊர்ல இருந்து வாஞ்சூர் (ஏன் சிரிக்கிறீங்க? அங்கே ஊரும் இருக்கு சார், கடைகள் மட்டுமில்லை), நாகூர் தாண்டினா நாகை. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ம் தேதி பயணிகள் கப்பல் தொடங்கியது. அதே வருஷம் காரைக்கால்லேருந்தே கப்பல்னு செய்தி வந்து, நாங்க எல்லாம் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டோம். கடைசியில நாகைக்குப் போயிடுச்சு. போகட்டும், 1 மணி நேரம் கூட ஆகாது. கடல் தூரம் சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். அந்தக் கரையில் இறங்கினா யாழ்ப்பாணம், தீவுகள், அதுக்குக் கீழே வன்னிக் காடு, அதுக்கும் கீழே இலங்கையின் பெரிய வனப் பூங்காவான வில்பத்து. சிறுத்தையும் கரடியும் இருக்கிற காடு. இலங்கைக்குத்தான் அது வடக்கு. மேப்பை விரிச்சுப் பார்த்தா நாகைக்கு அது தெற்கே இருக்கு. அலாஸ்காவை நினைச்சவன் தெற்கே போனான்னு எங்க கதையை முடிச்சுடலாம்!

வீட்டுல சொன்னேன். அம்மா அரிசி புடைச்சுக்கிட்டே, "கப்பல்ல போறவன் சம்பாதிச்சுட்டு வருவான். நீ செலவழிச்சுட்டு வரப் போறியா?" என்றாங்க. தப்பு சொல்ல முடியாது. எங்க பக்கம் கப்பல்னா சிங்கப்பூர், மலேசியா. பிரெஞ்சுக்காரன் காலத்துல சைகோன். நம்ம ஆளுங்க யாரும் வேடிக்கை பார்க்க ஏறினதில்லை, வயித்துக்கு ஏறினாங்க. வேடிக்கை பார்க்கப் போற முதல் தலைமுறை நாமதான். அதனாலயோ என்னவோ, ஒவ்வொரு ரூபாயும் திருட்டுத்தனமாச் செலவழிக்கிற மாதிரியே இருந்துச்சு.

என் கையில சீட்டு எடுத்த காசு 20,000. கணக்கு நோட்டைத் திறந்தான். கப்பல், போக வர 8,500 (2025 பிப்ரவரியில் சேவை மறுபடி தொடங்கினப்போ வச்ச விலை, இலவச லக்கேஜ் 10 கிலோ). யாழ்ப்பாணத்துல நாலு ராத்திரி ரூம், ஆளுக்கு 2,300. சாப்பாடு 2,500. பஸ் 1,200. காடு 3,500. கூட்டினா கச்சிதமா 18,000! அதுக்கு மேல ஒரு பைசா ஆகாதுன்னு அடிச்சுச் சொன்னான். கையில 2,000 மிச்சம் வருதேன்னு நானும் தலையாட்டினேன்.

இந்த இடத்துல உங்களுக்கு ஒரு விஷயம். எப்போ போறோம்ங்கிறதுலதான் பாதி பட்ஜெட் இருக்கு. வடகிழக்குப் பருவமழை வந்தா இந்தக் கப்பல் நிக்கும். 2023-ல தொடங்கின ஒரே வாரத்துல நின்னுச்சு. 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓடி, நவம்பர்ல நின்னு, 2025 பிப்ரவரியிலதான் திரும்ப வந்துச்சு. ஆனா வடக்கே இருந்து பறவைகள் வந்து குவியறது அந்த மழைக்காலத்துலதான். பறவை இருக்கும்போது கப்பல் இல்லை, கப்பல் இருக்கும்போது பறவை இல்லை. விசாவும் இப்படித்தான். 2023-ல இந்தியர்களுக்குக் கட்டணம் கிடையாதுன்னாங்க, அப்புறம் விதி பல தடவை மாறுச்சு. கப்பல், விசா ரெண்டையும் டிக்கெட் போடுற வாரம் பார்த்துக்கிட்டாத்தான் சரி. போன வருஷம் போனவன் சொன்னான்னு கிளம்பாதீங்க.

நாங்க 2025 ஜூலையில போனோம். கப்பல் பயணத்தைப் பத்திப் பெரிசா சொல்ல ஒண்ணுமில்லை. முதல் 1 மணி நேரம் செல்ஃபி, அடுத்த 3 மணி நேரம் சோறு வாந்தி.

கரையில இறங்கிக் காசு மாத்தினதும் எங்களுக்குத் தலைகால் புரியலை. நம்ம ஒரு ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய்! 5,000 கொடுத்தா 17,500 வருது. இங்கேதான் முதல் கோட்டை விட்டோம். பர்ஸ் தடிக்கும்போது மனசும் தடிச்சுடுது. டீ 100, சாப்பாடு 700-ன்னு விலையும் அதுக்கேத்த மாதிரி இருக்குன்னு உறைக்க ஒரு நாள் ஆச்சு. மூன்றரையால வகுத்துப் பார்த்த பிறகு வாங்கணும்னு சட்டம் போட்டோம். சோறு அந்தச் சட்டத்தை மதிக்கலை. சாப்பாட்டுக் கணக்கு 2,900-ல போய் நின்னதுக்கு அவன்தான் பொறுப்பு.

ரெண்டாம் நாள் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்துல பஸ் பிடிச்சுக் குறிகட்டுவான், அங்கிருந்து படகுல சுமார் 1 மணி நேரம். பவளக்கல்லை அடுக்கிக் கட்டின வேலிகள், ஒரு பெருக்கமரம், ஒரு இடிஞ்ச கோட்டை. வெட்டவெளியில குதிரைகள். வெள்ளைக்காரன் காலத்துல கொண்டுவந்து விட்டுட்டுப் போனதோட வம்சம், இப்போ யாருக்கும் சொந்தமில்லாமத் திரியுதுங்க. கேமரா புல்லுல படுத்துட்டான். சுத்திக் காட்டின வண்டிக்கு ஆளுக்கு 360 ரூபாய், கொடுத்த காசுக்கு மேலேயே பார்த்தோம்.

மத்தியானம் இறங்குதுறைக்கு வந்தா, கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்கு.

"இண்டைக்கு இனிப் படகு ஓடாது தம்பி. கச்சான் கூட" என்றார் ஒரு பெரியவர்.

நான் விழித்தேன். யாழ்ப்பாணத்துல முந்தின நாள்தான் 'கச்சான்'னு கேட்டு வேர்க்கடலை வாங்கித் தின்னிருந்தோம். "கடலை கூடிடுச்சுன்னா படகு ஏன் சார் நிக்கணும்?" என்று கேமரா நிஜமாகவே கேட்டுவிட்டான். பெரியவர் சிரிச்ச சிரிப்புல பக்கத்துல இருந்த ஆடு ஓடிப்போச்சு. மேல்காத்துக்கும் கச்சான்னுதான் பேர். காத்து அடங்கினாத்தான் படகு.

இப்போ பாருங்க வேடிக்கையை. அடுத்த நாள் விடியக்காலையில வில்பத்துக்குக் கிளம்பணும். ஜீப்புக்கு அட்வான்ஸ் 10,000 இலங்கை ரூபாய் கொடுத்தாச்சு. பூங்கா ஜீப்புக்கு வாடகை வண்டிக்குத்தான், தலைக்கு இல்லை. அதனால நாலு பேர் போனா லாபம். ஆனா நாலு பேரும் ஒரே தீவுல மாட்டிக்கிட்டா? ஜீப்காரருக்குப் போன் போட்டோம். பாவம், அவர் வேறு சவாரியை விட்டுட்டு எங்களுக்காக வண்டியை நிறுத்தி வச்சிருக்கார். அட்வான்ஸ் கோவிந்தா. யாழ்ப்பாணத்து ரூமுக்கும் அன்னைக்கு வாடகை ஓடுது, பையெல்லாம் அங்கே. மேலே தீவுல தங்க வேற காசு.

ஒரு வீட்டுல இடம் கிடைச்சுது. ராத்திரிச் சாப்பாடு, காலைச் சாப்பாடு, படுக்கை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,000 என்றார் அந்த அக்கா. நம்ம ஊர்ப் பழக்கம் விடுமா? பேரம் பேசினோம். 1,500-க்கு வந்தார். நம்ம காசுல 140 ரூபாய் லாபம். கணக்கு எனக்குக் கண்ணடிச்சான்.

ராத்திரி புட்டும் மீன் குழம்பும். அக்காவோட வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார்.

"எந்த ஊர் தம்பியவை?"

"காரைக்கால் பக்கம் அண்ணே."

"காரைநகரோ?"

"இல்லைண்ணே, இந்தியா. காரைக்கால்."

கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசலை. எங்களுக்குத் தெரியும், அந்தப் பேரு அங்கே எதை ஞாபகப்படுத்தும்னு. அந்த வருஷம் ஜனவரி 28-ம் தேதி விடியக்காலையில, அதே நெடுந்தீவுக்குப் பக்கத்துலதான் எங்க காரைக்கால்லேருந்து போன படகை இலங்கைக் கடற்படை பிடிச்சுது. 13 மீனவர்கள். சூட்டுல 2 பேருக்குப் பலத்த காயம், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. காரைக்காலே கொதிச்சுப் போச்சு. அந்தக் கோபத்தோடதான் நானும் வளர்ந்திருக்கேன்.

அவர் சத்தமே போடலை. "உங்கட றோலர் ஒருக்கா வந்து போனா எங்கட வலை அறுந்து போயிடும். கடன் வாங்கித்தான் புது வலை. இந்தக் கடன் முடிய முந்தி அடுத்தது" என்றார். இழுவை மடியை இலங்கை 2017-ல சட்டம் போட்டுத் தடை செஞ்சிருக்கு. எங்க கரையில இருந்து விசைப்படகுகள் போறது நிக்கலை. இது எனக்குச் செய்தியாத் தெரியும். புட்டு பிசையற கையோட எதிர்ல ஒருத்தர் சொல்லும்போது வேற மாதிரி இருக்கு. எங்க ஆளுங்க பக்கத்து நியாயத்தையும் சொன்னேன். நம்ம பக்கத்துல மீன் இல்லை, பாக்கு நீரிணையில கடல் குறுகல், வழி தவறிடுதுன்னு. அவர் கேட்டுக்கிட்டார். "ஓம், அவையளுக்கும் வயிறு இருக்குத்தானே" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்குத் தூக்கம் வரலை. காத்து ஓலைக் கூரையைப் பிய்க்கிற மாதிரி அடிச்சுது. 140 ரூபாய் லாபம் நெஞ்சுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு எழுந்திருக்கவே மாட்டேங்குது.

காலையில ஆளுக்கு 2,000-மாவே எடுத்து நீட்டினேன். அக்கா எண்ணினார். மிச்சத்தைத் திருப்பி என் கையில வச்சார். "கதைச்சது காணும் தம்பி." காணும்னா அங்கே 'போதும்'. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், வாங்கலை. பேசின பேச்சு பேச்சுதானாம். ஆக, நோட்டுல 430 ரூபாய்தான் ஏறியிருக்கு. பேரம் பேசுங்க, வேண்டாம்கலை. ஆட்டோவுல பேசுங்க, கடைத்தெருவுல பேசுங்க. வீட்டுக்குள்ள கூப்பிட்டுச் சோறு போடுறவங்ககிட்ட மட்டும் நான் இனிமே பேச மாட்டேன்.

சிறுத்தை பார்க்கிற கனவு போச்சு. பதிலா நாலாம் நாள் ஒரு வேன் பிடிச்சோம், 28,000 இலங்கை ரூபாய். ஆளுக்கு நம்ம காசுல 2,000. ஏ9 ரோட்டுல ஆனையிறவு தாண்டி சுண்டிக்குளம். 1938-லிருந்து பறவைச் சரணாலயம், 2015-ல தேசியப் பூங்கா ஆக்கினாங்க. நான்தான் சொன்னேனே, ஜூலையில பறவை இருக்காதுன்னு. காய்ஞ்ச களப்பு, தூரத்துல கொஞ்சம் நாரை, கண்ணைக் கூசுற வெயில். கேமரா லென்ஸை மூடிட்டான்.

ஆனா வழியைச் சொல்லணும். முகமாலைப் பக்கம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். கண்ணிவெடி. போர் முடிஞ்சது 2009 மே மாசம், இன்னும் மண்ணைச் சலிச்சு எடுத்துக்கிட்டு இருக்காங்க. வேனைக் காட்டோரமா நிறுத்தச் சொல்லி இறங்கப் போன என்னை டிரைவர் அண்ணன், "றோட்டை விட்டு இறங்காதையும்" என்று அதட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தேன். புதருக்கு நடுவுல ஒரு கிணத்துக் கட்டு. பக்கத்துல தலை இல்லாத தென்னை ரெண்டு, வீட்டுத் தளம் ஒண்ணு, அதைப் பிளந்துக்கிட்டு மரம். நான் காட்டைப் பார்க்கன்னு காசு சேர்த்து வந்தேன். அது யாரோ விளக்குமாறு போட்டுப் பெருக்கின முற்றம். அலாஸ்கா விளம்பரத்துல 'மனிதக் காலடி படாத காடு'ன்னு பெருமையாப் போட்டிருந்துச்சு. இங்கே காலடி பட்டு, அப்புறம் இல்லாமப் போன காடு. அதுக்கு மேல எனக்கு எதையும் போட்டோ எடுக்கத் தோணலை.

அஞ்சாம் நாள் கப்பல் ஏறி நாகை வந்தோம்.

இப்போ அந்த வட்டத்துக்கு வருவோம். ஊருக்கு வந்து கணக்கும் நானும் நோட்டை வச்சுக்கிட்டு உட்கார்ந்தோம். கப்பல் 8,500. ரூம், நெடுந்தீவு ராத்திரி சேர்த்து 2,730. சாப்பாடு 2,900. பஸ் 900. காடுங்கிற தலைப்புல ஜீப் அட்வான்ஸ் போனது ஆளுக்கு 714, வேன் 2,000, குதிரை பார்த்த வண்டி 360. கூட்டினா 18,104!

போட்ட பட்ஜெட் 18,000. காத்து அடிச்சு, படகு நின்னு, அட்வான்ஸ் போயும்கூட 104 ரூபாய்தான் வித்தியாசம். கணக்கு காலரைத் தூக்கிவிட்டான். அப்புறம் எப்படிடா என் கையில இருந்த 20,000-மும் போய் உன்கிட்டக் கடன்காரனா நிக்கிறேன்?

பதில் நோட்டுலயே இல்லாத சமாசாரங்கள். என் பாஸ்போர்ட்டுக்குக் கட்டின 1,500. அங்கே வாங்கின சிம் 400. விடியக்காலையில பஸ்ஸை நம்ப முடியாம நாகைக்குப் பிடிச்ச ஆட்டோவுல என் பங்கு 150. பனங்கட்டி, ஒடியல் மாவு, அம்மாவுக்குப் புடவை, அத்தைக்கு, பக்கத்து வீட்டுக்குன்னு 2,000. அதெல்லாம் சேர்ந்து பை 10 கிலோவைத் தாண்டினதுக்கு 500. மொத்தம் 4,550. எதையெல்லாம் பயந்து பயந்து எழுதினோமோ அதெல்லாம் சரியா இருந்துச்சு. எதெல்லாம் எழுதுற அளவுக்குச் செலவே இல்லைன்னு நினைச்சோமோ, அது கவுத்துடுச்சு. இதுல பெரும்பாதி கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியும் இறங்கின பிறகும் ஆகிற செலவு. 'டூர்'னு சொன்னதும் நாம கரையில இருந்து கரை வரைக்கும்தான் கணக்குப் போடுறோம். நீங்க உங்க வீட்டு வாசல்லேருந்து போடுங்க, திரும்பி அதே வாசல்ல பையை இறக்கி வைக்கிற வரைக்கும் போடுங்க. அதுக்கும் மேல ஆளுக்கு 3,000 தனியா ஒரு கவர்ல, மடிச்ச பாஸ்போர்ட்டோட. கச்சானுக்குன்னு. எங்க அதிர்ஷ்டம், படகு மறுநாளே ஓடுச்சு. நாகைக் கப்பலுக்கு முதல் நாள் அப்படி ஆகியிருந்தா?

போன வாரம் சோறோட மாமாவைப் பட்டினச்சேரியில பார்த்தேன். முப்பது வருஷமாக் கடலுக்குப் போறவர். "நெடுந்தீவை இறங்கியே பார்த்தியாமே? நாங்க ராத்திரியில லைட்டு வெளிச்சத்தைத்தான்டா பார்த்திருக்கோம்" என்றார். கச்சான் கதையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம் அந்த வலைக் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்னுடுச்சு. வலையைத் தைச்சுக்கிட்டே இருந்தார். ரொம்ப நேரம் கழிச்சு, "என்ன வலைன்னு சொன்னாரா?" என்று மட்டும் கேட்டார்.

நான் கேட்டு வச்சுக்கலை.

கடன் 2,654-ல 2,000 அடைச்சாச்சு. மிச்சம் 654 இருக்கு. இந்தப் பக்கத்தைக் கணக்கு படிக்காம இருக்க ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ்!